சால்வை அக்காவின் தங்கம்

தருமபுரி மே மாத வெயிலில் கம்பளிச் சால்வையோடு பஸ் ஏறிய ஒரே மனிதப் பிறவி எங்கள் சால்வை அக்காதான். பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கண்டக்டரே, "காச்சலாம்மா?" என்று கேட்பாராம். அக்காவுக்குக் காய்ச்சலும் இல்லை, குளிரும் இல்லை. சால்வை அவருடைய குடுவைக்கு.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அக்கா தங்கத்தில் நானோ துகள் செய்துகொண்டிருந்தார். கண்ணுக்கே தெரியாத நீளக் குச்சிகள். அதற்குச் சீடாப் என்றொரு வெள்ளைப் பொடியைக் கரைக்க வேண்டும்; தலைக்குப் போடும் கண்டிஷனருக்குப் பங்காளி.

"தங்கத்தச் சும்மா வுட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் தம்பி. இதுதான் சுத்தி நின்னு வெலக்கி வுடும்" என்பார் என்னிடம்.

ஆனால் அந்தக் கரைசல் மகா சொகுசு. ஏசி காற்று பட்டாலே வெள்ளை ஊசிகளாகப் படிந்துவிடும். குலுக்கினால் நுரைக்கும். யாராவது குலுக்கிவிட்டால், நுரை அடங்கும்வரை அக்கா அவரோடு பேசமாட்டார்.

அவருடைய உதவித்தொகையை நீட்டலாமா என்று பார்க்க வெளியூர்க் குழு ஒன்று வந்தது. குச்சிகள் வளர்ந்தால் கரைசலில் நிறம் ஏறும்; அது அவர்கள் கண் முன்னால் வர வேண்டும். வராவிட்டால் ஆராய்ச்சி பாதியில் நின்றுவிடும். விருந்தாளிகளுக்கு வியர்க்கக் கூடாதென்று எங்கள் பேராசிரியர் விடிந்ததும் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டார். குடுவைக்குள் ஒரே வெள்ளை. ஏசியோடு ஹீட்டரையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

"சார், ஏசிய நிறுத்துங்க."

"பெரியவங்க வந்திருக்காங்கம்மா, நல்லாருக்காது."

அக்கா குடுவையைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டார். தெளிந்ததும் தங்கக் கரைசலையும் மற்றதையும் சேர்த்து, குச்சி முளைக்கத் தங்க விதைத் துளியும் விட்டு, மறுபடி சால்வைக்குள் வைத்தார். இனி அது ஆடக் கூடாது. கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத அக்கா, அசையாமல் நின்று அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னார்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"எனக்கு நல்லாத்தாங்க இருக்குது. இதுக்குத்தாங்க குளுரு."

சால்வையை விலக்கினார். நிறமே இல்லாமலிருந்த நீர் நாவல்பழ நிறத்தில் இருந்தது. தலைவர் தானே எழுந்து போய் ஏசியை அணைத்தார்.

உதவித்தொகை நீண்டது. படிப்பு முடிந்து அக்கா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது சால்வையை என்னிடம் கொடுத்து, "குடுவைக்குத்தான் தம்பி, ஒனக்கில்ல" என்றார்.

அவர் இல்லாத ஆய்வகம் எனக்குப் பிடிக்கவே இல்லை. இது மே மாதம். சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். கண்டக்டர் கேட்டால், காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்.