மூன்று மாதம் கழித்து வந்திருக்க வேண்டிய செய்தி

திண்டிவனம்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் பெரியதம்பி அவர்களின் சமூகத்திற்கு, தம்பி ஜெகதீசன் பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். காந்திமதியும் நலம். அவ்விடம் விழுப்புரத்தில் தாங்களும் அண்ணி தையல்நாயகியும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உயிரோடு இருப்பதை நான் வெறும் மரியாதைக்காக எழுதவில்லை என்பது தங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை என் சாவுக்கு மாலையோடு வந்தீர்கள். நான் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனீர்கள். எட்டு வருடம் கழித்து என் வீடு தேடி வந்தவரை இப்படி அனுப்பிவிட்டேனே என்று எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு கோபி சார் சித்திரையில் திடீரென்று காலமானார். மகள் கல்யாணப் படம், பேரன் முதன்முதலில் நடந்தது எல்லாம் அவர் போனுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் எண் அவரோடு போய்விட்டது. அவர் மனைவி சித்ரா கடை கடையாக ஏறி இறங்கினார். "உள்ள இருக்கிறத அழிச்சிட்டுத்தான் தெறக்க முடியும்மா" என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அன்றிலிருந்து காந்திமதி என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். "கரண்டு பில்லுல இருந்து பொண்ணு போட்டோ வரைக்கும் அந்தப் போன்லதான் வெச்சிக்கினு இருக்கீங்க. நீங்க போய்ட்டா நான் யாரப் போயி கேக்கிறது? ஜல்தியா ஆவட்டும்" என்றாள். அவள் அவசரப்படுத்தியது ஏற்பாட்டைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சொத்து என்றால் பத்திரம்தானே! பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதுபவரிடம் போனேன். நாலாயிரம் போட்டோ, முப்பது வீடியோ, ஒரு மெயில் என்று சொன்னேன். "எந்தக் கிராமத்துல வருது?" என்றார். "கிராமம் ஏதுங்க, ஆகாசத்துல இருக்குது" என்றேன். "நாலெல்லை சொல்லாம நான் எப்படி சார் எழுதறது? வடக்க யாரு, தெக்க யாரு?" எனக்குத் தெரிந்த வரையில், "நாலு பக்கமும் பாஸ்வேர்டுதாங்க" என்றேன். "போக வர பாதை?" "இருக்குதுங்க, எனக்கு மட்டும்." அந்த நல்ல மனிதர் பேனாவை மூடி, எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, "ஒங்க பொண்ண கேளுங்க சார்" என்று அனுப்பிவைத்தார்.

வெண்ணிலா போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். மெயில் கணக்கில் ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். மூன்று மாதம் நாம் அந்தக் கணக்கைத் தொடவில்லை என்றால், நாம் குறித்துவைத்த ஆட்களுக்குச் செய்தி போகும். உள்ளே இருப்பதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கூடவே நாம் நாலு வரி எழுதியும் வைக்கலாம். காந்திமதி பெயரைப் போட்டேன், வெண்ணிலா பெயரைப் போட்டேன். மூன்றாவதாகத் தங்கள் பெயரைப் போட்டேன். பிறகு அந்த நாலு வரியை எழுதினேன்: "அன்பு உறவுகளே, இதை நீங்கள் படிக்கும்போது நான் போய் மூன்று மாதம் ஆகியிருக்கும். யாரும் அழ வேண்டாம். அம்மாவின் வீடியோ அண்ணனுக்கு. அவர் என்னை மன்னிக்கட்டும்."

பிழை இருக்கிறதா என்று பார்க்க வெண்ணிலாவுக்கு அனுப்பினேன். அதாவது, அனுப்பியதாக நினைத்தேன். அது தாங்களும் இருக்கும் 'கிளியனூர் சொந்தங்கள்' குரூப்புக்குப் போய்விட்டது. நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு முடிவெட்டப் போய்விட்டேன். காந்திமதி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். குரூப்பில் யாருக்கும் மூன்று மாதம் என்ற கணக்கு புரியவில்லை, "நான் போய்" என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. திரும்பி வந்தால் என் வீட்டு வாசலில் ஒருவர் கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார். "என்னங்க இது?" என்றேன். "சாமியானா போடணும்னு கிளியனூர்ல இருந்து போன் வந்துது சார். ஜெகதீசன் சார் பூட்டாராம். நல்ல மனுசன்னு சொல்றாங்க. இந்தக் கழிய கொஞ்சம் புடிங்க" என்றார். பிடித்தேன் அண்ணா. நல்ல மனுசன் என்று கேட்ட சந்தோஷத்தில் பிடித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் உங்கள் செருப்பு, இன்னொரு காலில் அண்ணியின் செருப்பு. முகமெல்லாம் ஈரம். கழியைப் பிடித்தபடி, "வாங்கண்ணா" என்றேன். அதைவிட நல்ல வார்த்தை ஒன்று அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? மாலையைச் சுவர்மேல் வைத்தீர்கள். திரும்பி ஆட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள்.

ஏன் அப்படிச் செருப்பு மாறி ஓடி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா போன அன்று உங்களுக்குச் சேதி வரவில்லை. நீங்கள் கொடுத்த புது எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்து, மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டவன் நான். பழைய எண்ணுக்கே அடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் நீங்கள் எதிரே வந்தீர்கள். முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. "வேணும்னே பண்ணிட்டடா" என்றீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை அண்ணா. ஆனால் வீடு வரைக்கும் வந்து அதைச் சொல்லும் தைரியம் எட்டு வருடமாக எனக்கு வரவில்லை.

அந்த வீடியோ நாற்பது நொடிதான். அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே பேசுகிறாள்: "பெரியவனுக்கு ஒரு படி எடுத்து வெய்யி. கோவக்காரன், கேக்கமாட்டான். நீயே கொண்டும்போயி குடு." என்னிடம் சொன்னதைத்தான் நான் செய்யவில்லை. இப்போது எல்லாம் ஒழுங்காகப் பதிந்தாகிவிட்டது. என் காலத்துக்குப் பிறகு, மூன்று மாதத்தில் அது தங்கள் கைக்குத் தானாக வந்து சேரும். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், செருப்புக்காக வருத்தமும் கூட. வெண்ணிலாவுக்குத் தங்கள் ஆசீர்வாதம் வேண்டும். எனக்கும், மிச்சம் இருந்தால்.

என்றும் தங்கள் கீழ்ப்படிந்த,
ஜெகதீசன்.

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. தாங்கள்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "நீ எப்ப சாவறது, அதுக்கு மேல மூணு மாசம் எப்ப ஆவறது? அதெல்லாம் காத்துக்கினு இருக்க என்னால ஆவாதுடா. எடு அந்தப் போன" என்றீர்கள். இதை எழுதும்போது கூடத்தில் உட்கார்ந்து ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "நானா கோவக்காரன்?" என்று அம்மாவிடம் சத்தம் போடுகிறீர்கள். காந்திமதி உலை வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை. ஆனால் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன். தபாலில் போட்டுவிடுகிறேன், ஊருக்குப் போனதும் படித்துக்கொள்ளுங்கள்.