பன்னிரண்டு மணிக்குள் ஒரு பாட்டில்

ஆண்டிக்கு வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கண்ணா," என்றாள் சுசித்ரா, கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றபடி.

"வந்தாத்தானுங்க மேடம்!"

தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமத்தின் சமுதாயக் கூடத்தில் அன்று நுரையீரல் பரிசோதனை முகாம். முகமூடி மாட்டி மூச்சில் இழுக்கும் நானோ துகள்கள் நுரையீரலுக்குப் போகும். அங்கே புற்றுக்கட்டி சுரக்கும் நொதி இருந்தால், துகள்மேல் ஒட்டியிருக்கும் துணுக்கை அது வெட்டிவிடும். அந்தத் துணுக்கு சிறுநீரில் வந்து காகிதப் பட்டையில் கோடாகத் தெரியும். எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். முப்பது வருடம் பீடி குடித்து, ஆறு மாதமாக இருமிக்கொண்டிருக்கும் ஆண்டிக்கென்றே செய்தது போன்ற சோதனை. ஆராய்ச்சி உதவியாளர் சுசித்ராவுக்கு வேண்டியது ஒரு சின்ன பாட்டில் அளவு. பன்னிரண்டு மணிக்குள்.

மணி பதினொன்று ஆகியிருந்தது.

இளநீர் வாங்கிக் கொடுத்தாள். வரவில்லை. இன்னொன்று கொடுத்தாள். ஏப்பம் வந்தது.

தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று யாரோ சொல்ல, குழாயைத் திறந்துவிட்டாள். அரை மணியில் மாடித் தொட்டி காலி. வரிசையில் நின்ற பதினாறு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தண்ணியில்லாத கக்கூசுல நான் இருக்க மாட்டனுங்க," என்று ஆண்டியும் வெளியே வந்துவிட்டார்.

"சரி, அந்தக் காட்டுப் பக்கமாச்சும் போயிட்டு வாங்க. இந்தாங்க பாட்டில்!"

ஐந்தே நிமிடத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "வந்துருச்சுங்க மேடம்!"

பாட்டில் சட்டைப் பையில் மூடி திறக்காமல் இருந்தது.

"பழக்கதோசமுங்க," என்றார்.

சுசித்ரா மூன்றாவது இளநீரை ஏறக்குறைய அவர் வாயில் ஊற்றினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பாட்டில் கைக்கு வந்தது. பட்டையை நனைத்தாள்.

நோயைக் காட்டும் கோடு வரவில்லை. அப்பாடா என்று மூச்சுவிடப் போனவள் நின்றாள். துகளை இழுத்த யாருக்கும் வந்தே தீரவேண்டிய இன்னொரு கோடும் வரவில்லை. வேறு பட்டை எடுத்தாள். வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை.

"அண்ணா, காலையில அந்த முகமூடிய ஒழுங்கா மாட்டி இழுத்தீங்களா, இல்லயா?"

பதில் ஆண்டியின் மனைவி நஞ்சம்மாளிடமிருந்து வந்தது.

"மூஞ்சிய மூடுனா அவருக்குப் பயமுங்க மேடம். நீங்க அந்தப் பக்கம் பேரு எழுதப் போனதும், மருந்து வீணாப் போயிருமேன்னு நான்தான் மாட்டி முழுசா இழுத்துட்டேன்."