நுளம்பு கடிக்காத ஆண்கள்

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் ஓர் இனம் உண்டு: நுளம்பு கடிக்காத ஆண்கள். கடிப்பதில்லை என்று நுளம்பு சொன்னதில்லை. அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. விடியக் கடலால் வந்து, மீனை விற்று, சட்டையைக் கழற்றிப் பூவரச நிழலில் கிழிந்த வலையைப் பொத்த உட்காருவார்கள், பக்கத்தில் கைவிட்ட படகொன்று மாரித் தண்ணீரோடு கிடக்கும், அதில் நுளம்புப் புழு நெளியும், அதைக் கவிழ்க்கச் சொல்லி வரும் சுகாதாரப் பரிசோதகருக்கு, தங்கள் முதுகில் தாங்களே பளாரென்று அடித்தபடியே மறுமொழி வரும்: "தம்பி, எங்கட உடம்பில ஓடுறது உப்புத்தண்ணி. நுளம்பு வாய் வைக்காது."

பிறகு ஏன் அந்த அடி? கேட்கக்கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். இவர்கள் புகை போடுவதோ இரவில்.

போன மாரியில் இந்த இனத்தில் ஒருவரான லோறன்சுக்குக் காய்ச்சல். "கடற்காத்து" என்றார். கண்ணுக்குப் பின்னால் நோ, எலும்பெல்லாம் உளைவு. கடையில் நோக் குளிசை வாங்கி விழுங்கினார். டெங்கில் இரத்தப்போக்கைக் கூட்டுகிற அதே வகைக் குளிசை. இரத்தம் சோதிப்பதா? சுறாவோடு மல்லுக்கட்டும் வீரம், ஊசியைக் கண்டால் கண்ணை மூடும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. டெங்கில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். இந்த இனத்துக்கோ அது வெற்றி விழா. மனைவியிடம் சொன்னார் லோறன்ஸ்:

"பாத்தியே மதலேனா, காய்ச்சல் ஓடிட்டுது. நான் தொழிலுக்குப் போறன்."

"விடியவும் சத்தி எடுத்தனீங்கள். வயித்துக்க நோகுது எண்டனீங்கள். பல்லு முரசால இரத்தம் வருது!"

"அது பிறஸ் குத்தினது."

மதலேனா படகு எஞ்சினின் எண்ணெய்க் குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டோ ஒன்றில் ஏறி உட்கார்ந்தார். குழாய் வேண்டுமானால் ஆளும் ஏற வேண்டும். திட்டிக்கொண்டே ஏறினார் லோறன்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தார். தொழிலுக்குப் போயிருந்தால் விழுந்திருக்கும் இடம் கடல்.

சேலைன் ஏற்றி, இரத்த அழுத்தத்தை ஓயாமல் பார்த்து, ஆளை மீட்டெடுத்தார்கள். பார்க்க வந்த கூட்டாளி வின்சன், கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு ஆறுதல் சொன்னார்: "உங்கட உடம்பு கொஞ்சம் நோஞ்சான், அண்ணை. எங்களையெல்லாம் அது கடிக்காது." சொல்லும்போதே கணுக்காலைச் சொறிந்தார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் முந்தாநாள் மேல் காய்ந்ததாம், இன்று விட்டுவிட்டதாம், வயலோ கடலோ, புறப்பட்டு நிற்கிறீர்களாம். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் திறப்பைத்தான் காணவில்லையாம். தேடாதீர்கள். அது உங்கள் மனைவியிடம் இருக்கிறது. அவர் ஓட்டோவில் இருக்கிறார்.