கோட்டைக்கு வந்த கூட்டம்

மதியம் ஆபீசர் ஜீப்பில் சோதனைக்கு வருவதாகத் தகவல். கோட்டையிலோ ஈ காக்கா இல்லை. காவலாளி வாசலுக்கும் மதிலுக்குமாய் ஓடினார். பயணிகள் வராத கோட்டைகளுக்குப் பூட்டு, காவலாளிக்குச் சமவெளிக் கிடங்குக்கு மாற்றல் என்பது உத்தரவு. மதிலில் முளைக்கும் செடியையெல்லாம் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதுபோல் பிடுங்கியவர், கிடங்கில் போய் மூட்டைக்குக் காவல் இருப்பதா?

"உங்க வீட்டு ஆளுங்கள வரச்சொல்லு," என்றார் மனைவியிடம். "சுற்றுலாப் பயணி மாதிரி சும்மா நடந்தா போதும். என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும்."

மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். மாமியார் குடையோடு வந்தார்.

ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் சுற்றிலும் பார்த்தார். "அடடா, என்ன இடம்யா! ரோடு மட்டும் ஒழுங்கா இருந்தா கூட்டம் அள்ளுமே!" காவலாளிக்கு உயிர் வந்தது.

ஆபீசர் மச்சானைப் பிடித்துக்கொண்டார். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"கடல் தாண்டி வர்றோம் சார்."

"பஸ்லதான் வந்தோம்," என்றார் மாமியார்.

காவலாளி குறுக்கே பாய்ந்தார். "வாங்க சார், பீரங்கியப் பாருங்க!"

பீரங்கி வாயில் அவர் மனைவியின் துடைப்பம் செருகியிருந்தது.

"இது பீரங்கி துடைக்கிறது சார். ராஜா காலத்துது."

"பிளாஸ்டிக்கா இருக்கே?"

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இந்த மனுஷன் கை வச்ச எதுதான் உருப்பட்டிருக்கு! அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன், என் பொண்ணு கேட்டாளா?"

ஆபீசரின் புருவம் ஏறியது. "இந்தம்மா உங்களுக்கு யாரு?"

"தெரியாது சார். யாரோ பயணி."

"பொண்ணக் குடுத்தவளையே தெரியாதா?" குடை ஓங்கியது. "இவன் கூப்பிட்டான்னு முழங்கால் வலியோட மலையேறி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

குட்டு உடைந்தது. மச்சான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

ஆபீசர் குதித்தார். "ஆள் மாறாட்டமா? சர்க்காரையே ஏமாத்துறீங்களா? ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர நிறுத்துறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? வேலையே போயிடும்!"

"என்னை என்ன வேணா பண்ணுங்க சார். கோட்டையை மட்டும் பூட்டிடாதீங்க," என்று காவலாளி கைகூப்பி அழுதேவிட்டார்.

ஜீப்பில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீங்கண்ணே! மலைப்பாதையில தலை சுத்துதுன்னு ஆபீசர் அடிவாரத்துலயே இறங்கிட்டாரு. இவரு அவரோட மச்சான்."