மைக்செட்டு வாசித்த வாம்பயர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் யார் செத்தாலும் எமனுக்கு அடுத்தபடியாகத் தகவல் தெரிந்தவர் மைக்செட்டுதான். சில சாவுகள் எமனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்குமோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஒரு மைக், வாயில் வெற்றிலை. சாவுச் செய்தி, அம்மன் கோயில் கூழ் ஊற்றல், குடிதண்ணீர் வராத நாள், காணாமல் போன மாடு என்று எல்லாவற்றையும் தெருத்தெருவாகப் போய் அறிவிப்பது தொழில். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. அவர் சம்சாரமே "மைக்செட்டு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

அந்த மனுஷரை என் நாவலை வாசிக்கக் கூப்பிட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாவல் இளசுகளுக்கானது. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் முந்நூறு வருஷமாகப் பதுங்கியிருக்கும், ரத்தம் குடிக்கிற, வெயில் பட்டால் சாம்பலாகிவிடுகிற வில்லம் என்ற வாம்பயருக்கும், கருங்குழியிலிருந்து காலேஜுக்குப் போகும் தாரிணிக்கும் காதல். "நம்ம ஊர்ல ஏது சார் வாம்பயர்?" என்று மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் ஓர் ஒலிப்புத்தகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் முழுப் பதிவும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு புத்தகம். ஆறு வருஷம் எழுதிய நாவல் ஐயா அது! இதையும் விட்டால் என் பீரோவுக்குள்ளேயே மக்கிப்போக வேண்டியதுதான்.

கேட்டால் அடிவயிறு கலங்குகிற குரல் வேண்டும் என்றார்கள். அப்படி எங்கள் ஊரில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

பதிவில் தெருச் சத்தம் விழாமலிருக்கப் படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். பத்து நிமிஷம் தொண்டையைச் செருமினார்.

"சார், சேர்ல ஒக்காந்தா கொரலு வர மாட்டேங்குது. வண்டி ஓணும்."

ஆட்டோவை போர்டிகோவில் நிறுத்தி, சுற்றிலும் போர்வை கட்டினோம். முன்சீட்டில் அவர். பின்சீட்டில் லேப்டாப்போடு நான். மே மாதம். வெந்துபோனேன்.

'வில்லம் அவள் கழுத்தருகே குனிந்தான்.' இது நான் எழுதியது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் முழங்கியது இது:

"வில்லம் அவர்கள், அவள் கழுத்தருகே குனிந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். மீண்டும் தெரிவிக்கிறோம்..."

"அண்ணாத்த! ஒரு வாட்டி போதும்!"

"இன்னா சார் நீ, ஒரு வாட்டி சொன்னா எவன் காதுல வுழும்? தெருக்கோடில கீறவனுக்குக் கேக்க வாணா?"

"இதுல தெருவே கெடையாது. காதுல மாட்டிக்கினு கேக்கறது!"

"அப்டியா? அப்ப மெதுவா மூணு வாட்டி சொல்றேன்."

வில்லம் ஊருக்குள் நுழையும் இடத்தில் "பொதுமக்கள் யாரும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தார். கேட்டால், "சொல்லலன்னா பாவம் சார்" என்கிறார். பாதி அத்தியாயத்தில் போன் வரும். "சார், ஒரு சாவு வந்துகீது. ஒக்காருங்க, போய்ட்டு வந்துடலாம்." ஒக்காருங்க என்பதற்குள் வண்டி தெருமுனையில் இருக்கும். தாரிணியும் வில்லமும் முதல்முதலாகக் கைபிடிக்கிற கட்டத்தில், போர்வை நாலு பக்கமும் பறக்க, நான் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்தபடி கருங்குழிவரை போனேன். யாரோ ஒரு பெரியவர் தவறிய சேதியை ஊர் முழுக்கச் சொல்லி, சாவு வீட்டில் டீ குடித்துத் திரும்பும்போது அன்றைய பொழுது போச்சு.

புதன்கிழமைதான் என் மானம் கப்பலேறியது. பழக்கதோஷத்தில் அவர் கை கூரை ஸ்பீக்கர் சுவிட்சைத் தட்டிவிட்டது. "கல்லூரி மாணவி தாரிணி, கோட்டை வாசலில் ரத்த வெள்ளத்தில் சாய்ந்தார்" என்று தெரு அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் என் வீட்டு கேட்டில் முப்பது பேர். ஒருவர் கையில் மாலையே இருந்தது.

"எந்த வூட்டுப் பொண்ணு சார்? எப்ப எடுக்கறாங்க?"

கதை என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. மைக்செட்டு பொய்ச் சாவு சொன்ன சரித்திரமே கிடையாதே! அவரே இறங்கி வந்து கைகூப்பினார்.

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. அடுத்த அத்தியாயத்துல எந்திரிச்சிடும்."

மாலைக்காரர் என்னைத்தான் முறைத்தார். "சாவுல வெளையாடறியே, நீயெல்லாம் படிச்சவனா சார்?" ஸ்பீக்கரில் கத்தினவர் மைக்செட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

எப்படியோ தட்டுத்தடுமாறி, வெள்ளிக்கிழமை மதியம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். தாரிணியைக் காப்பாற்ற, வில்லம் விடியற்காலையில் மாமல்லபுரம் கடற்கரையில் நின்று, சூரியன் பட்டுச் சாம்பலாகிற இடம். ஒரு பக்கம் வாசித்தவர் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இவுரு யாரு புள்ள?"

"யாரு?"

"வில்லம்."

"அது கதைக்குத் தேவையில்ல."

"தேவையில்லயா? சாவு சொல்லணும்னா இன்னாரு புள்ள, இன்னாருக்கு அண்ணன், இன்னாருக்கு மாமன்னு சொல்லணும் சார். மொட்டையா பேர மட்டும் நான் சொன்னதே இல்ல."

"அவனுக்கு யாருமே இல்லய்யா! முந்நூறு வருஷம் ஆச்சு, எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க!"

"ஒருத்தருமா?" என்று கேட்டார். நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

மணி நாலு. கம்பெனிப் பெண் மூன்றாவது தடவையாக போனில் வந்து, "சார், அஞ்சு மணிக்கு மேல எங்க கையில இல்ல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எழுதினத எழுதின மாதிரி படிய்யா! ஒன் கால்ல வேணா விழறேன்!" என்று கத்தினேன்.

அவர் இறங்கிப்போய் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை காதைப் பொத்தவில்லை. 'அவர்கள்' இல்லை, 'மீண்டும்' இல்லை. வெளிச்சம் வந்தது, அலை வந்தது, சாம்பலைக் கொண்டுபோனது. நான் எழுதியது இவ்வளவு நன்றாக இருக்குமென்று எனக்கே தெரியாது. என் கடைசி வரி முடிந்ததும் பதிவை நிறுத்தக் கை நீட்டினேன். அவர் தணிந்த குரலில் தொடர்ந்தார்.

"சதுரங்கப்பட்டினம் கோட்டையில் வசித்துவந்த வில்லம், இன்று காலை மாமல்லபுரம் கடற்கரையில் காலமானார். அன்னாருக்கு உறவு என்று யாரும் இல்லாத காரணத்தால், இந்த அறிவிப்பைச் செய்பவன், கதையை வாசித்தவன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "ஓணாம்னா வெட்டிக்கோ சார். மன்சு கேக்கல."

வெட்ட நேரமில்லை என்று அவரிடம் சொன்னேன். பொய். இருபது நிமிஷம் இருந்தது. அப்படியே அனுப்பினேன். திங்கட்கிழமை அந்தப் பெண் போனில் வந்து, நாவல் வெளியாகிறது என்றாள். "கடைசி ரெண்டு வரிக்கு நான் அழுதுட்டேன் சார். அது பிரதியில இல்லயே, எப்ப எழுதினீங்க?" என்று கேட்டாள்.

எங்கே எழுதினேன்? ஆறு வருஷம் அந்தப் பையனோடு குடித்தனம் நடத்திவிட்டு, அவனைக் கடற்கரையில் அநாதையாக எரித்துவிட்டுச் சாப்பிடப் போகவிருந்தவன் நான். சொந்தக்காரராக வந்து நின்றது, ஒரு வாரம் என் உயிரை வாங்கிய அந்த மனுஷன்.