வீட்டுல அந்தப் பக்கம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவலாக உள்ளோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஒரே கடிதம் விடுப்புக் கடிதம் என்பதால் ஆரம்பம் இப்படித்தான் வருகிறது, மன்னிக்கவும். பெயர் கூப்பிடும்போது நான் 'உள்ளேன்' என்று சொன்னது ஆசிரியர் காதில் விழாமலே போனதால் வந்த நாளெல்லாம் வராத நாளாகி, கடைசியில் வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் எனக்கு 'ம்' மட்டும்தான் வருகிறது. நடந்ததையெல்லாம் 'ம்' என்று சொல்ல முடியாது. மேலே 'நலம்' என்று எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நீ கொஞ்ச நாளைக்கென்று போன விடுதியில் உன்னை நிரந்தரமாகச் சமையலுக்கு இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன செய்யட்டும் என்று நீ அப்பாவிடம் கேட்டாய். அப்பா "உன் இஷ்டம்" என்றார். நம் வீட்டில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்தும் நீ அகராதியில் உள்ள அர்த்தத்தை எடுத்துக்கொண்டு "சரி" என்று போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஆனால் எதையும் முழுசாகச் செய்வதில்லை. பாதித் தாடி எடுத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறார். போன வாரம் மாமாவிடம், நேரில் போய்க் கேட்டால்தான் ஆகும், அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் அடுக்களையிலிருந்து கேட்டேன்.

எல்லைப் பாலத்து வழியாக வந்தால் பஸ்ஸில் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு உன்னிடம் வந்துவிடலாம். ஆனால் உன் தம்பி அந்தச் சமயம் பார்த்து ஒரு பழைய ஜீப்பை வாங்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கும், மலையேறும், ஆற்றில் இறங்கும் என்றார். இதுவரை பார்த்த வண்டிக்கெல்லாம் எத்தனை சக்கரம் இருந்ததென்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. அப்பா மேசைமேல் வரைபடத்தை விரித்து, பாலத்தை விட்டுவிட்டு, மலைக்கு மேலே புள்ளி புள்ளியாகப் போகிற ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். அங்கேயும் ஒரு எல்லைச் சாவடி இருக்கிறது, லாரிக்காரர்கள் மட்டும் போவார்கள், கும்பல் இருக்காது என்றார். பாலத்தில் அப்படி என்ன கும்பல் என்று மாமா கேட்கவில்லை. அவருக்கு மலை போதும். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைலட் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. ஆனால் இருபது வருஷமாக அவர் உட்கார்ந்தது பக்கத்து சீட்டில். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும், ஓட்டுகிறவன் தப்புப் பண்ணினால் இவர் அமுக்குவார். மாமாவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். ஜீப்பில் அந்த இரண்டாவது பிரேக் இல்லை என்பதை அப்பாவின் தலை ஒப்புக்கொண்டது, கால் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தகரத்தை ஓங்கி மிதித்தார். "மாமா, அங்க பிரேக் இல்ல, விடுங்க" என்று உன் தம்பி சொல்லச் சொல்ல, "கண்ணாடியைப் பார்த்து ஓட்டு" என்று பதில் சொல்லிக்கொண்டே மிதித்தார். மலையில் ஏற ஆரம்பித்ததும் எதிரே ஒரு லாரி வந்தது. அப்பா பலமாக மிதிக்க, துருப்பிடித்த தகரம் விட்டுக்கொடுத்து, கால் முழங்கால் வரை ரோட்டுக்குப் போய்விட்டது. செருப்பு கீழேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஓட்டை வழியாகச் சேறும் குளிரும் உள்ளே வந்தன. உனக்காக நான் மடித்து எடுத்துவந்த புடவையை ஓட்டையில் அடைத்தோம். பச்சைப் புடவைதான். அதை நினைத்து அழாதே, நான் ஏற்கெனவே அழுதுவிட்டேன்.

பிறகு சேற்றில் மாட்டினோம். மாமா சிரித்துக்கொண்டே, இதற்குத்தான் இந்த வண்டி என்று சின்னக் கியரை இழுத்தார். பின் சக்கரம் இரண்டும் சுற்றின, முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன. இன்னும் இழுத்தார், கியர் கம்பி கையோடு வந்துவிட்டது. காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சின்ன வண்டி, இரண்டே சக்கரம் இழுக்கிற வண்டி, கயிறு கட்டி எங்களை வெளியே இழுத்துப்போட்டது. முன் சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது, அதை இறங்கிக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் நாலும் இழுக்கும் என்று அந்தக் காய்கறிக்காரர் சொன்னார். குமிழில் பூட்டுப் படம் போட்டிருந்ததை நான் வாசலிலேயே பார்த்தேன். திருடன் கழற்றாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதில் எனக்குக் கலக்கம் கொடுத்தது ஜீப் அல்ல. வண்டி நின்றபோதெல்லாம் அப்பாவின் முகம் தெளிந்தது. மறுபடி கிளம்பியதும் சுண்டிப்போனது. சேற்றில் மாட்டியபோது இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து மாமாவுக்குக் கதை சொன்னார். இந்த வழியை அவர் தேர்ந்தெடுத்தது வந்து சேர்வதற்கா, சேராமல் இருப்பதற்கா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. கேட்டு நீ மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார், அம்மா. கேட்காமலே இருந்தால் நீ மாட்டேன் என்று சொல்லவில்லை என்றாவது இருக்கும்.

இன்று சாயங்காலம் சாவடிக்கு வந்தோம். தகரக் கூரை, ஒரு நீள பெஞ்சு, ஒரு ஜன்னல். பேசுவதற்கு ஜன்னல் கண்ணாடியில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், அது இடுப்பு உயரத்தில் இருப்பதால் எல்லோரும் குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே இருந்த அதிகாரி சின்ன வயசு, கல்யாணம் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"வீட்டுல" என்றார் அப்பா.

"வீட்டுல யாரை?"

"வீட்டுலதான் சார்."

"அப்ப உங்க வீடு அந்தப் பக்கமா?"

"இல்ல சார், வீடு இந்தப் பக்கம். வீட்டுலதான் அந்தப் பக்கம்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். மாமா குனிந்து, "சார், அவர் வீட்டைச் சொல்லல, வீட்டுல இருக்கறவங்களைச் சொல்றாரு" என்று உதவி செய்தார். வீட்டில் இருக்கிறவர்கள் எதற்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்க, அப்பா, "அதைக் கேக்கத்தான் சார் போறோம்" என்றார். உண்மையைத்தான் சொன்னார், ஆனால் கிண்டல் மாதிரி ஆகிவிட்டது. சரி, உறவுமுறையையும் பெயரையும் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. அப்பா என்னைப் பார்த்தார். உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னிடம் 'உங்கம்மா', மாமாவிடம் 'உங்கக்கா', ஊருக்கு 'வீட்டுல'. நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மாமா சொல்லப் போனார். சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும், யாரைப் பார்க்கப் போகிறோம் என்றே தெரியாதவரை எப்படி விடுவது, காலையில் திரும்பிப் போங்கள் என்று அதிகாரி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் இந்தத் தடவை தெளியவில்லை. காலையில் திரும்புகிறோம். ஆகவே எங்களை எதிர்பார்க்க வேண்டாம். விடுதியில் சரி என்று சொல்லிவிடு. அங்கே வேளைக்குச் சாப்பாடும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர்களும் இருக்கிறார்கள். இங்கே நான் சோறு வடித்துவிடுவேன். குழம்புதான் ஒரு நாளைப்போல ஒரு நாள் இருப்பதில்லை, பழகிக்கொள்வோம். இந்தக் கடிதத்தை எதிரே இருக்கிற டீக்கடையில் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவார்களாம்.

முழங்கால் வலியோடு ஈரத் தரையில் நிற்காதே. விடுதிப் பிள்ளைகளுக்கு என் அன்பு, என்னைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பக்கத்திலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எதற்கும் நம்பாதே. காலையில் வண்டியைத் திருப்பும்போது ஜன்னலில் வேறு அதிகாரி இருந்தார், வயசான அம்மா. அப்பா தானாகவே போய்க் குனிந்தார். யாரைப் பார்க்க என்று கேட்டதும் மறுபடியும் 'வீட்டுல' என்றார். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது, பெயர் என்ன என்றார். அப்பா நிமிர்ந்துகொண்டு உன் பெயரைச் சொன்னார், உன் அப்பா பெயர், தாத்தா பெயரோடு. நிமிர்ந்து சொன்னதால் உள்ளே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். லாரிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உறவு என்ன என்றதற்கு, "என் பெண்டாட்டி. கூட்டிட்டு வரப் போறேன்" என்றார். தடுப்புக் கம்பம் மேலே போயிற்று. ஆகவே இதை டீக்கடையில் கொடுக்கவில்லை. இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பது நான்தான். எதுவும் கேட்காதே, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அப்பா விடுதிக் கேட்டுக்கு வெளியே இருக்கிறார். டயரில் காற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நாலையும் பார்த்து முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், நீ முதலில் வெளியே வா.