ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கரடி

காலை ஏழு மணிக்குள் கோபால்சாமி ஐந்தாவது முறையாகக் கரடிக் கதையைச் சொல்லிவிட்டார். முதல் முறை இடுப்புயரம் இருந்த கரடி இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது.

அவருடைய டீக்கடை ஜவ்வாது மலையில், ரேஷன் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. அரிசிக்கு நிற்பவர்கள் டீக்கும் நிற்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு ரேஷன் கடையை மாற்றுவதா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கிராம சபை. மாற்றினால் டீக்கடை படுத்துவிடும். அதனால் அதுவரை அந்தக் கரடிக்கு ஓய்வு கிடையாது.

"எங்க பாத்த?" ராணியம்மாள் கேட்டாள். எதையும் குடைந்து பார்க்காமல் நம்பாதவள்.

"புதுக் கட்டடத்துப் படியிலக்கா. உக்காந்துக்கினு இருந்துச்சு."

"உக்காந்து இன்னா பண்ணுச்சு?"

"என்னையே பாத்துச்சு."

"நீ இன்னாத்துக்கு அங்க போன?"

கோபால்சாமி அவசரமாக அவள் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

மறுநாள் ஊரே நம்பிவிட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. அந்தப் பக்கம் வந்த கரடிக்கு இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தார்கள். டீக்கடை பெஞ்சில் ராணியம்மாள் மட்டும்தான்.

"கரடிக்குத் தண்ணின்னா பயம். ஓடையத் தாண்டாது" என்றார் கோபால்சாமி.

"ஓடையில எறங்கி மீன் புடிச்சுதுன்னு நேத்து நீதானப்பா சொன்ன?"

"அது... பலாப்பழ வாசனைக்குத்தான்க்கா வருது. மரமெல்லாம் அந்தாண்டதான இருக்குது."

ராணியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். குனிந்து பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் மூன்று பலாப்பழங்கள் பழுத்துக்கொண்டிருந்தன. பாதி டீயோடு நடையைக் கட்டினாள்.

"யோவ், அந்தக் கரடிய நீயே சாவடிச்சிடு. ஏவாரமாவது நடக்கும்" என்றாள் மனைவி நீலாவதி.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு."

ஞாயிற்றுக்கிழமை கோபால்சாமி சபையில் குரல் நடுங்கப் பேசினார். உட்கார்ந்திருந்தவர்களும் நடுங்கினார்கள். பிறகு ராணியம்மாள் எழுந்தாள்.

"இப்ப இருக்கற ரேஷன் கடைக்குத் தட்டிக் கதவு. புதுசுக்கு இரும்புக் கதவு. கரடி வந்தா உள்ளாற பூந்து சாத்திக்கலாம்."

மொத்தக் கையும் உயர்ந்தது. நீலாவதியின் கையும் உயர்ந்தது; கணவர் திரும்பியதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது.

சாயங்காலம், ரேஷன் கடை நவீன்குமார் எடைமேடையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, ஊர்ல யாரோ உள்வேலை பாத்துட்டாங்க. எம்மேல அப்படி இன்னா கோவம்?" என்று கேட்டார் கோபால்சாமி.

"கோவமா? கடைய மாத்துனா உங்க பொழப்பு போயிடும், மாத்தக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாம ஊரே கையெழுத்துப் போட்டு மனு எழுதி வெச்சிருந்துச்சுண்ணே. கரடிக்குப் பயந்து இன்னிக்குக் காலையிலதான் கிழிச்சாங்க."